பெரியவர் போன பிறகு

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். குன்னூரில் உங்கள் அலுவலகத்தைப் பத்தொன்பது வருடம் நடத்தியவர் மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்திருப்பவர் நேர்மையானவர். குரலை உயர்த்துவதில்லை. சம்பளம்கூட முன்பைவிட ஒழுங்காக வருகிறது. ஆனால் ஆறே மாதத்தில் ஆபீஸ் பழைய ஆபீஸாக இல்லை. மதியச் சோற்றைக்கூட அவரவர் மேஜையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். “ஒருவர் போனால் இவ்வளவு மாறுமா, இல்லை நாங்கள்தான் பெரிதுபடுத்துகிறோமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறும். நீங்கள் பெரிதுபடுத்தவும் செய்கிறீர்கள். இரண்டும்தான்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பாக்டரியில் 1984 முதல் 2019 வரை வேலை பார்த்தவன். சொந்தத் தோட்டம் இல்லாமல் சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூள் ஆக்கும் பாக்டரி. அங்கே மேனேஜராக இருந்தவரை நாங்கள் எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வோம். 2008-இல் அவர் வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்தவர் இரண்டரை வருடம் இருந்தார். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். ஆக, நீங்கள் இப்போது பார்ப்பதை நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

ஒரு மழை நாளில் இருந்து ஆரம்பிக்கிறேன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை அடித்து ஊற்றும். நனைந்த கொழுந்தை எடை போட்டால் தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுக்க வேண்டும். அதனால் எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் எல்லாச் சண்டையும் வரும். பெரியவர் எடை மேடைக்கு வந்து, சாக்கின் நடுவரைக்கும் கையை விடுவார். ஒரு பிடி கொழுந்தை எடுத்து இறுக்கிப் பிழிவார். விரல் இடுக்கில் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பார். “ஆறு” என்பார். நூற்றுக்கு ஆறு. கிளார்க் எழுதிக்கொள்வார். அடுத்த சாக்கு. “என்ன கவுடரே, கொழுந்தோடு கட்டபெட்டு மழையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டீரா? பத்து.” கவுடர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவார். அதற்கடுத்து, கணவரை இழந்து கால் ஏக்கரை வைத்துப் பிழைக்கும் ஒரு அம்மாவின் சாக்கு. அதுவும் அதே அளவு ஒழுகும். “மூன்று.”

கணக்குப்படி இது அநியாயம்தான். ஆனால் அவரோடு நான் இருந்த இருபத்து நாலு வருடத்தில் அந்த மேடையில் ஒருவர்கூட அதை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

புதியவர் வந்தார். கையை விட்டுப் பார்த்துச் சொல்வது சரியான முறை இல்லை, ஆளுக்கொரு நீதி கூடாது என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. மழை நாள் என்றால் எல்லாருக்கும் எட்டு சதவீதம் என்று போர்டில் எழுதி மாட்டினார். நானே கைதட்டியிருப்பேன். முதல் வாரம் எல்லாம் அமைதி. இரண்டாவது வாரத்தில் சாக்குகள் முன்பைவிடக் கனத்து வந்தன. ஏனென்றால் அதுவரை பல பேர் கொழுந்தைத் திண்ணையில் பரப்பி உதறி, ஈரம் வடித்துக் கொண்டுவருவார்கள். பெரியவர் பிழிந்து பார்ப்பார், நாலு பேர் முன்னால் “பத்து” என்று சொல்லிவிட்டால் மானம் போகும் என்ற கூச்சம். இப்போது உதறினாலும் எட்டு, உதறாவிட்டாலும் எட்டு. எதற்கு உதற வேண்டும்? அந்த ஈரக் கொழுந்து வாட்டும் தொட்டியில் விடியும் வரை வாடாமல் கிடந்தது. சூடான காற்று கூடுதலாக விட வேண்டியிருந்தது. விறகுச் செலவு ஏறியது. அந்த அம்மா ஒரு நாள் வருவதையே நிறுத்திவிட்டார். கமிஷன் பிடித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று, இடையில் கொழுந்து வாங்கி விற்கும் ஒரு ஏஜென்டிடம் போட ஆரம்பித்துவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பெரியவர் போனதும் எங்கள் பாக்டரியில் முதலில் காணாமல் போனது அன்போ மரியாதையோ இல்லை. தினமும் காலையில் அவர் செய்த ஒரு சின்ன வேலை. நூறு விதிவிலக்குகளை ஒரே ஆள் தலையில் வைத்திருந்து, ஆளைப் பார்த்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் போனதும் அந்த விதிவிலக்குகள் ஒன்று சட்டமாக இறுகின, இல்லை ஒரேயடியாக மறைந்தன. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இருந்த எட்கர் ஷைன் என்ற பேராசிரியர், ஒரு நிறுவனத்தின் பழக்கவழக்கம் தலைவர் பேசும் கொள்கையில் இருந்து வருவதை விட, அவர் தினமும் எதைக் கவனிக்கிறார், நெருக்கடி வந்தால் எப்படி நடந்துகொள்கிறார், யாரைத் தூக்கிவிடுகிறார் என்பதில் இருந்துதான் அதிகம் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். எங்கள் எடை மேடையைப் பார்க்காமலேயே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு காட்சி. காலை ஆறரைக்கு ராத்திரி ஷிப்ட் முடியும். ஆட்கள் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெரியவர் ராத்திரி ஆடிய தூளை வரிசையாகக் கோப்பைகளில் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்திருப்பார். ருசி பார்ப்பது, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் வேலை. பாய்லர்காரருக்கும் டிரையர்காரருக்கும் அங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அவர்களையும் கூப்பிடுவார். ஒரு கோப்பையில் தீய்ந்த வாடை இருக்கும். யார் தப்பு என்று கேட்க மாட்டார். அந்தக் கோப்பையை டிரையர்காரர் கையில் கொடுத்துவிட்டு, தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். டிரையர்காரர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, “ரெண்டு மணிக்கு ஈர விறகு விழுந்துடுச்சுங்க, அப்புறம் சூட்டை ஏத்துறேன்னு கொஞ்சம் தாண்டிப் போயிடுச்சு” என்பார். அவ்வளவுதான். அடுத்த நாள் விறகு மாறும்.

புதியவர் ருசி பார்ப்பதைப் பத்து மணிக்கு மாற்றினார். அவர் கீழே ஊரில் இருந்து வர நேரமாகும். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பத்து மணிக்கு ராத்திரி ஆட்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தீய்ந்த வாடை மட்டும் கோப்பையில் இருக்கும், காரணம் தொழிலாளர்களின் லைன் வீட்டில் போர்வைக்குள் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு ரிஜிஸ்டர் வைத்தார்கள். குறை இருந்தால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் எழுதுவான்? எழுதினவன்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியவன் என்று ஆகிவிட்டது. கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. மெஷினின் ரோலர் மழுங்கியிருப்பது மெக்கானிக்குக் கையை வைத்தாலே தெரியும். அந்த வருடம் அது அவருக்குத் தெரிந்தே மூன்று வாரம் மழுங்கலாக ஓடியது.

இதில் இன்னொரு தொல்லை, தப்பு உடனே வெளியே தெரியாது. இன்று ஆடிய தூள் தரம் பிரித்து, மூட்டை கட்டி, குன்னூர் ஏலத்துக்குப் போய் விலை சொல்லப்படுவதற்கு வாரங்கள் ஆகும். அதனால் பெரியவர் போன புதிதில் எங்கள் தூள் நல்ல விலைக்குத்தான் போனது. அது அவர் காலத்துத் தூள். புதியவர் அதைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். விலை இறங்க ஆரம்பித்தபோது அதற்கு அவருக்குக் காரணம் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது, நாங்கள் சொல்லவில்லை. இந்த இடத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

நீலகிரியில் இது மற்ற இடங்களை விடக் கொஞ்சம் அதிகமாகவே நடக்கும் என்பது என் எண்ணம். எஸ்டேட் பழக்கம் அப்படி. வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி, பிள்ளை பார்க்கும் கொட்டகை எல்லாம் துரை (எஸ்டேட் மேனேஜர்) பங்களாவில் இருந்து இறங்கி வந்தது போலத்தான் ஜனங்கள் பேசுவார்கள். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடும் வைத்தியமும் பிள்ளைக் காப்பகமும் நிர்வாகம் கொடுத்தே ஆக வேண்டியவையாக இருந்தன. ஆனாலும் “அந்த துரை கட்டிக் கொடுத்தாரு” என்றுதான் கேட்டிருக்கிறேன். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து திரும்பி வந்து இங்கே கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் குடியேறியவர்களும் அதே பேச்சோடுதான் வந்தார்கள். உரிமையாகக் கிடைத்ததை ஒரு மனிதர் தயவால் கிடைத்ததாக நினைத்துக்கொண்டால், அந்த மனிதர் போகும்போது உரிமையே போய்விட்டது போல இருக்கும். துரை மாறிய அன்று எஸ்டேட்டில் வயதான பெண்கள் முதலில் கவனிப்பது அவர் பேச்சை இல்லை. ஜீப்பை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிறாரா, ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் கையசைத்துக் கூப்பிடுகிறாரா என்று பார்ப்பார்கள். அன்று சாயங்காலமே லைன் முழுக்க முடிவு சொல்லிவிடுவார்கள்.

சரி, நீங்கள் பெரிதுபடுத்தவும் செய்கிறீர்கள் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

ஆல்வின் கோல்ட்னர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் ஒரு ஜிப்சம் சுரங்கத்தையும் அதை ஒட்டிய தொழிற்சாலையையும் பற்றி எழுதிய ஆய்வு 1954-இல் வெளிவந்தது. அங்கே டக் என்ற பழைய மேனேஜர் இறந்து, பீல் என்று ஒருவர் வந்தார் (இரண்டுமே புனைபெயர்கள்). பழையவர் காலத்தில் கொஞ்சம் தாமதமாக வரலாம், கம்பெனிச் சாமானை வீட்டு ரிப்பேருக்கு எடுத்துப் போகலாம், கண்டும் காணாமலும் விட்டுவிடுவார். புதியவருக்குத் தலைமை அலுவலகம் உற்பத்தியை ஏற்று என்று நெருக்கடி கொடுத்தது. அவர் விதிகளை இறுக்கினார், தன் ஆட்களைக் கொண்டுவந்தார். மேலே தொழிற்சாலையில் இருந்தவர்கள் ஒருவழியாக அடங்கினார்கள். சுரங்கத்தில் இறங்கி உயிரைப் பணயம் வைத்து வேலை செய்தவர்கள் லேசில் அடங்கவில்லை. இதில் கோல்ட்னர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய மேனேஜர் போன பிறகு தொழிலாளர்கள் அவரைத் தெய்வமாக்கி, புதியவரை அந்தத் தெய்வத்தோடு ஒப்பிட்டார்கள். இறந்துபோன முதல் மனைவியின் நினைவு ஒரு வீட்டையே ஆட்டிவைக்கும் ஆங்கில நாவல் ஒன்றின் பெயரால், இதை ரெபெக்கா கதை என்று அவர் குறிப்பிட்டார்.

எங்களிடமும் அதே கதைதான். சோவியத் சந்தை கலைந்த பிறகு, 1999, 2000 வாக்கில் பசுந்தேயிலை விலை பாதாளத்துக்குப் போனது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவு இருக்கும். அப்போது எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று பெரியவரை வாயில் வந்தபடி ஏசியவர்களை நான் பேர் சொல்லிச் சொல்ல முடியும். ஒருவர் மண்ணை வாரித் தூற்றினார். அதே ஆள் 2009-இல் டீக்கடையில், “பெரியவர் காலத்துல வெல பத்தி யாராவது பேசுனோமா?” என்று கேட்டார். நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

இந்தக் கதையை வளர்ப்பவர்கள் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் பழையவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள். டிரைவர், ஸ்டோர்காரர், பெரியவரின் அறைக்கதவைத் தட்டாமல் உள்ளே போகும் உரிமை வைத்திருந்த ஒரு கிளார்க். நானும் அந்தக் கூட்டம்தான். பதவியில் ஒன்றும் குறையவில்லை, ஆனால் கெத்து போய்விட்டது. மிஞ்சியது ஒரே சொத்து, “பெரியவர் இருந்திருந்தால்” என்று தொடங்கும் வாக்கியம். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. அவர்தான் இல்லையே. புதியவர் முன்னால் அந்த வாக்கியத்தை நாங்கள் எத்தனை தடவை சொல்லியிருப்போம் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் மெல்ல மெல்ல அறைக்குள்ளேயே இருக்க ஆரம்பித்தார். பிறகு, அறையை விட்டு வெளியே வராத மனிதர் என்று அதையும் அவர் மேல் ஒரு குற்றமாகச் சொன்னோம்.

அதில் பெரியவர் குற்றமும் இருக்கிறது. சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. யாருக்கு எவ்வளவு கழிக்க வேண்டும், எந்த வீட்டில் என்ன கஷ்டம், எந்த ஏஜென்டை எவ்வளவு தூரம் நம்பலாம், ஏன் என்று அவர் ஒரு ஆளுக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் ஒரு தடவை கேட்டேன். “பார்த்தா தெரியும்பா” என்றார். தெரியவில்லை. அவருக்குத்தான் தெரிந்தது. வழியனுப்பு விழாவில் மாலை, சால்வை, போட்டோ எல்லாம் இருந்தது. பொறுப்பை ஒப்படைத்தது என்று பார்த்தால் ஒரு சாவிக்கொத்து, அவ்வளவுதான்.

வேறு விதமாகவும் நடக்கும். மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 1976-இல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தது. அவர் 2006-இல் மறைந்தார். அந்த இடம் தடம் புரளவில்லை. அவர்மேல் அங்கே இருந்த பக்தி எங்கள் பெரியவர்மேல் எங்களுக்கு இருந்ததைவிடக் குறைவில்லை. ஆனால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கைப் பயிற்சியாகவே கொடுத்திருந்தார்கள். பொறுப்பை எடுத்துக்கொள்ளக் குடும்பத்து டாக்டர்களே ஒரு வரிசை பேர் பல வருடமாக உள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிவு ஒரு தலையில் பூட்டிக் கிடக்கவில்லை.

2011-இல் நான் உட்கார்ந்ததும் செய்த முதல் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் மாதிரியே எடை மேடைக்குப் போனேன், சாக்கில் கையை விட்டேன், பிழிந்தேன், “ஏழு” என்றேன். ஒரு வயதான விவசாயி என்னைப் பார்த்து, “ஏப்பா, நீ அவரா?” என்று கேட்டார். மேடையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காது சுட்டது. அவர் கேட்டதும் சரிதான். பெரியவர் சொன்ன எண்ணுக்குப் பின்னால் இருபது வருட நம்பிக்கை இருந்தது. என் எண்ணுக்குப் பின்னால் ஈரக் கை மட்டும்தான்.

அடுத்த வாரம் வேறு மாதிரி செய்தேன். அன்று கொழுந்து போட வந்தவர்களிலேயே இரண்டு பேரை மேடையில் நிற்க வைத்தேன், தினம் வேறு வேறு ஆட்கள். அவர்கள் பிழிந்து சொல்லட்டும், கிளார்க் எழுதட்டும். முதலில் தங்களுக்குள் சலுகை கொடுத்துக்கொண்டார்கள். பின்னால் நிற்பவன் விடுவானா? ஒரு மாதத்தில் அந்த எண் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. கொழுந்தை உதறிக் கொண்டுவருவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ருசி பார்ப்பதையும் ஆறரைக்கே திருப்பினேன். டிரையர்காரர் வாயைத் திறக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. சில விஷயங்கள் திரும்பவே இல்லை. அந்த அம்மா திரும்பி வரவில்லை.

உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். மதியம் ஏன் ஒன்றாகச் சாப்பிடுவதில்லை என்பதைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். அந்தச் சாப்பாடு எதனால் நடந்தது? பழையவர் ஒரு மணிக்கு டிபன் கேரியரோடு அறையை விட்டு வெளியே வருவார், அதைப் பார்த்து எல்லாரும் எழுந்திருப்பார்கள், அப்படித்தானே? புதியவருக்குச் சர்க்கரை இருக்கலாம், பன்னிரண்டுக்கே ரூமில் சாப்பிட்டு முடிக்கலாம். அப்படியானால் உங்கள் ஆபீஸில் குறைவது பாசம் இல்லை, ஒரு மணி அடிக்கும் ஆள். அதை நீங்களே செய்யலாம், யார் அனுமதியும் வேண்டாம்.

புதியவரிடம் போய், “முன்னாடி எல்லாம் இப்படி இல்லை சார்” என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைக் கேட்டால் அவருக்குக் காதில் பழையவர் பெயர்தான் விழும். குறிப்பாகச் சொல்லுங்கள். “இந்தப் பார்ட்டி பதினைந்தாம் தேதிக்கு மேல் பணம் கேட்டால் கோபித்துக்கொள்வார், பத்தாம் தேதியே கேட்டுவிடலாம்” என்கிற மாதிரி. பழையவர் தலையில் இருந்ததில் உங்களுக்குத் தெரிந்த துண்டுகளை ஒவ்வொன்றாக அவர் கையில் கொடுங்கள். எங்களுக்கு வந்த மனிதருக்கு நாங்கள் யாரும் அதைக் கொடுக்கவில்லை. அவர் கெட்டிக்காரர்தான், பின்னால் வேறு இடத்தில் நன்றாகவே நடத்தினார் என்று கேள்விப்பட்டேன்.

இன்னொன்று, ஓய்வு பெற்றவருக்குப் போன் போட்டு ஆபீஸ் சமாசாரம் சொல்வதை யாராவது செய்துகொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். எங்கள் பெரியவர் வீடு நாலு கிலோமீட்டர்தான். ஆட்கள் போய் உட்கார்ந்து புலம்புவார்கள். அவர் நல்ல எண்ணத்தில் ஏதோ ஒரு வார்த்தை சொல்வார். அது சாயங்கால பஸ்ஸில் ஏறி பாக்டரிக்கு வரும்போது உத்தரவாக மாறியிருக்கும்.

நான் மேனேஜர் ஆகி இரண்டாவது வருடம், கார்த்திகை மாதம், பெரியவர் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க பாக்டரிக்கு வந்தார். மழை விட்டிருந்தது. நேராக என் அறைக்கு வராமல் எடை மேடைக்குப் போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன். பழக்கதோஷத்தில் ஒரு சாக்கில் கையை விட்டுவிட்டார். விட்ட கையை வெளியே எடுத்து, மப்ளரில் துடைத்துக்கொண்டு, “இப்ப யாருப்பா பாக்குறாங்க?” என்று கேட்டார். அன்றைக்கு நின்ற இரண்டு பேரைக் காட்டினேன். அவர்கள் பிழிந்துவிட்டு “ஏழு” என்றார்கள். “எட்டு இருக்கும்” என்றார் பெரியவர். “இல்லீங்க ஐயா, இது அடியில காஞ்சிருக்கு, வேணும்னா கொட்டிப் பாருங்க” என்றார் அவர்களில் சின்னவர். கிளார்க் பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு என்றே எழுதினார். பெரியவர் சாக்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், “டீ இருக்கா?” என்று கேட்டார்.